முதுகெலும்பு நசுங்கியவர்களில் யாருக்கு சிமெண்ட் ஊசி?

கேள்வியை முதலில் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிடுகிறேன், பின்னால் படிப்பவர்களுக்கும் உதவும். அம்மாவுக்கு 74 வயது. மூன்று வாரத்துக்கு முன் பேருந்தின் கடைசி சீட்டில் உட்கார்ந்து போகும்போது வேகத்தடையில் வண்டி தூக்கிப் போட்டது. அன்றிலிருந்து முதுகு வலி, எழுந்து உட்காரவே முடியவில்லை. எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் எல்-1 (இடுப்புப் பகுதியின் முதல் முள்ளெலும்பு), டி-11 (மார்புப் பகுதியின் பதினோராவது முள்ளெலும்பு) என்று இரண்டு எலும்புகள் நசுங்கியிருப்பதாகப் போட்டிருக்கிறது. ஒரு மருத்துவர், இரண்டிலும் சிமெண்ட் ஊசி போட்டுவிட்டால் மறுநாளே நடக்கலாம் என்கிறார். இன்னொருவர், பெல்ட் போட்டுக்கொண்டு பொறுத்திருங்கள், தானே கூடிவிடும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

இந்தச் சிகிச்சை நல்லதா கெட்டதா என்று கேட்பதுபோல் இது தோன்றும். ஆனால் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது, இது யாருக்குப் பலன் தரும், அந்த ஆட்களில் உங்கள் அம்மா ஒருவரா என்பதுதான். நான் முதுகெலும்பு அறுவை சிகிச்சை செய்பவன். இந்த ஊசியைப் போடுகிறேன், வந்தவர்களில் பலரைப் போடாமலும் திருப்பி அனுப்புகிறேன். உங்கள் அம்மாவையோ அவருடைய படங்களையோ நான் பார்க்கவில்லை. அதனால் போடுங்கள், போடாதீர்கள் என்று இங்கே உட்கார்ந்துகொண்டு சொல்வது முறையல்ல. எதைப் பார்த்து முடிவெடுப்போம், அதில் எது உறுதி, எது இன்னும் தகராறில் இருக்கிறது என்பதைச் சொல்கிறேன்.

மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பு உள்ளுக்குள் மெலிந்துகொண்டே போகும். அப்படி மெலிந்த முள்ளெலும்பின் முன்பாதி ஒரு குலுக்கலில், ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கியதில், சில சமயம் வெறும் இருமலில்கூட அமுங்கிவிடும். மார்புக்கூட்டோடு சேர்ந்து விறைப்பாக இருக்கும் மேல் முதுகும், வளைந்து கொடுக்கும் இடுப்பும் சந்திக்கும் இடம் டி-11 முதல் எல்-2 வரை. பாரம் அங்கேதான் குவியும், பெரும்பாலும் அங்கேதான் நசுங்கும். பேருந்தின் கடைசி சீட் பின்சக்கரத்துக்கும் பின்னால் இருப்பதால் அங்கே உட்காருகிறவர் அதிகம் தூக்கி எறியப்படுவார். எலும்பு பலமாக உள்ள இளைஞர்களுக்கே அதில் எல்-1 நசுங்கி நாங்கள் பார்த்திருக்கிறோம்.

வெர்டிப்ரோபிளாஸ்டி என்று நாங்கள் சொல்லும் இந்தச் சிமெண்ட் ஊசி என்பது நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து, சி-ஆர்ம் எக்ஸ்ரேயில் பார்த்துக்கொண்டே, மரத்துப்போக ஊசி போட்டு, முதுகுத் தோல் வழியாக முள்ளெலும்புக்குள் ஒரு தடித்த ஊசியைச் செலுத்தி, சில மில்லி எலும்பு சிமெண்டை உள்ளே விடுவது. மூட்டு மாற்று அறுவையில் பயன்படும் அதே அக்ரிலிக் சிமெண்ட்தான். கலக்கும்போது நீர்த்திருக்கும், பற்பசைப் பதத்துக்கு வந்ததும் செலுத்துவோம், சில நிமிடங்களில் இறுகிவிடும். 1984-இல் பிரான்சின் அமியான் நகரில் கலிபேர், தெராமோன் என்ற இருவர், கழுத்து முள்ளெலும்பை அரித்துக்கொண்டிருந்த இரத்தக்குழாய்க் கட்டி ஒன்றுக்காக முதன்முதலில் இதைச் செய்தார்கள். வயதானவர்களின் எலும்பு முறிவுக்கு இது வந்தது பின்னாளில். கைஃபோபிளாஸ்டி இதன் தம்பி. உள்ளே ஒரு பலூனை ஊதிக் குழி உண்டாக்கி, பிறகு சிமெண்டை நிரப்புவது.

இப்போது உங்கள் ரிப்போர்ட்டுக்கு வருவோம். இரண்டு எலும்பு நசுங்கியிருக்கிறது என்பதால் இரண்டும் மூன்று வாரத்துக்கு முன் நசுங்கியவை என்று ஆகாது. இந்த வயதில் முதுகெலும்பு முறிவுகளில் பாதிக்கு மேல் வீட்டில் யாருக்கும் தெரியாமலே நடந்து முடிந்திருக்கும். அம்மா கொஞ்சம் கூனிவிட்டார், உயரம் குறைந்துவிட்டது, வயசாகிவிட்டது என்று விட்டிருப்போம். அப்படிப் பழையதாகிக் கூடிப்போன எலும்பும் சாதாரண எக்ஸ்ரேயில் நசுங்கிய எலும்பாகத்தான் தெரியும். புதியதையும் பழையதையும் பிரித்துக் காட்டுவது எம்.ஆர்.ஐ.யில் ஸ்டிர் என்று ஒரு வரிசைப் படங்கள். புது முறிவில் எலும்புக்குள் நீர்க்கோர்வை இருக்கும். ஸ்டிர் படத்தில் அது வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும், டி-1 என்ற இன்னொரு வகைப் படத்தில் (இது எலும்பின் எண் அல்ல) அதே இடம் கறுத்திருக்கும். ஆறிய எலும்பு பக்கத்து எலும்புகளின் நிறத்துக்கே திரும்பியிருக்கும். உங்கள் ரிப்போர்ட்டில் டி-11 பக்கத்தில் நீர்க்கோர்வை பற்றி ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதவில்லையென்றால் ஸ்கேன் எடுத்த ரேடியாலஜிஸ்டிடமே கேளுங்கள். டி-11 பழையது என்றால் அதில் சிமெண்ட் விடுவதற்குக் காரணமே இல்லை. வலிக்காத எலும்பில் முன்னெச்சரிக்கையாகப் போட்டுவைப்பதற்கும் இப்போதைக்கு ஆதாரம் கிடையாது. பேஸ்மேக்கர் போன்ற காரணத்தால் எம்.ஆர்.ஐ. எடுக்க முடியாதவர்களுக்கு எலும்பு ஸ்கேனும் சி.டி.யும் சேர்த்து எடுத்து இதே விடையைக் கண்டுபிடிக்கலாம்.

படம் மட்டும் போதாது. புது முறிவு இருக்கிறது, வலியும் இருக்கிறது, ஆனால் வலி அந்த முறிவிலிருந்து வரவில்லை என்ற நிலை நிறையவே உண்டு. நான் பார்க்கும் விதத்தைச் சொல்கிறேன். நோயாளியைக் கண்ணாடிக்கு எதிரே நிற்கச் சொல்வேன், நிற்க முடிந்தால். கையை மடக்கி முஷ்டியால் முதுகின் நடுக்கோட்டில் மேலிருந்து கீழே ஒவ்வோர் எலும்பாக மெல்லத் தட்டிக்கொண்டு வருவேன், கண்ணாடியில் முகத்தைப் பார்த்தபடி. நொறுங்கிய எலும்பின் மேல் தட்டும்போது முகம் சட்டென்று சுருங்கும். அந்த இடத்தில் ஓர் அடையாளத்தை ஒட்டி எக்ஸ்ரேயில் பார்த்தால் அது ஸ்டிர் படத்தில் வெளுத்த எலும்போடு பொருந்த வேண்டும். அடுத்து, ஒரே ஒரு தலையணையோடு மல்லாக்கப் படுக்கச் சொல்வேன். புது முறிவுள்ளவர்களில் பெரும்பாலோருக்கு அது முடியாது. படுக்கையிலிருந்து எழும்போதும் புரளும்போதும் உயிர் போகிறது, அசையாமல் கிடந்தால் பரவாயில்லை என்பார்கள். இந்த வலிக்குத்தான் சிமெண்ட் வேலை செய்யும், ஏனென்றால் எலும்புக்குள் உடைந்த துண்டுகள் அசைவதால் வரும் வலி இது.

எல்-1 நசுங்கியிருக்க, வலியெல்லாம் கீழே இடுப்புக்கும் புட்டத்துக்கும் நடுவில் என்றால் நான் யோசிப்பேன். மேலே கூன் விழுந்ததால் கீழே உள்ள சிறு மூட்டுகள் இழுபட்டு வலிக்கலாம். அல்லது இடுப்புக்கூட்டின் பின்னெலும்பிலேயே மெல்லிய விரிசல் இருக்கலாம். முதுகு மட்டும் எடுத்த எம்.ஆர்.ஐ.யில் அது ஓரத்தில் விடுபட்டுப்போகும். கால் முழுக்க மின்சாரம் பாய்வதுபோல் இறங்குகிற வலி நரம்பு அழுத்தத்தின் வேலை, சிமெண்டால் அது போகாது. விலாவைச் சுற்றி வயிற்றுக்கு முன்னால் வரும் வலி மட்டும் விதிவிலக்கு. டி-11, டி-12 முறிவுகளில் அது சகஜம். அதை வயிற்று வலி என்று நினைத்து எண்டோஸ்கோப்பி வரை போய்விட்டு வருகிறவர்களும் உண்டு.

அடுத்தது காலம். நான் சொல்பவற்றில் மிக உறுதியானது இதுதான்: இந்த முறிவுகளில் பெரும்பாலானவற்றின் வலி ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் தானாகவே கணிசமாகக் குறைந்துவிடும். 2010-இல் வெளிவந்த வெர்டோஸ்-2 என்ற டச்சு, பெல்ஜியம் ஆய்வில் ஒரு தகவல் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆறு வாரத்துக்குள்ளான முறிவு, கடுமையான வலி, படத்தில் நீர்க்கோர்வை என்று எல்லாத் தகுதியும் இருந்தவர்கள் 431 பேர். அதில் 229 பேருக்கு, ஆய்வுக்கான பரிசோதனைகள் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே வலி குறைந்துபோய், ஆய்வில் சேரவே அவசியமில்லாமல் போனது. பாதிக்கு மேல்! மீதி 202 பேரைத்தான் இரண்டாகப் பிரித்தார்கள். அந்த 202 பேரில் சிமெண்ட் போட்டுக்கொண்டவர்களுக்கு வலி வேகமாகவும் அதிகமாகவும் குறைந்தது. இரண்டாவது மருத்துவர் பொறுங்கள் என்று சொல்வதற்கு ஆதரவும், முதல் மருத்துவர் போடலாம் என்று சொல்வதற்கு ஆதரவும் ஒரே ஆய்வுக்குள் இருப்பதைக் கவனியுங்கள்.

ஆனால் அந்த ஆய்வில் யாருக்கு ஊசி போட்டார்கள் என்பது நோயாளிகள் உட்பட எல்லோருக்கும் தெரியும். அங்கேதான் தகராறு தொடங்குகிறது. அதற்கு முந்தைய ஆண்டு, 2009 ஆகஸ்டில், ஒரே மருத்துவ இதழின் ஒரே இதழில் இரண்டு ஆய்வுகள் வந்து எங்கள் துறையையே உலுக்கின. ஒன்று ஆஸ்திரேலியாவில் 78 பேர், மற்றது அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியாவில் 131 பேர். பாதிப்பேருக்கு உண்மையான சிமெண்ட், பாதிப்பேருக்குப் பாவனைச் சிகிச்சை. குப்புறப் படுக்கவைத்து, மரத்துப்போகும் ஊசி போட்டு, முதுகில் தட்டி, சிமெண்ட் மருந்தின் வாடை வரட்டும் என்று புட்டியைக்கூடத் திறந்து வைத்தார்கள். சிமெண்ட் மட்டும் உள்ளே போகவில்லை. முடிவு: இரு பக்கமும் வலி குறைந்தது, ஏறக்குறைய ஒரே அளவில்.

எதிர்ப்பும் உடனே எழுந்தது. ஓராண்டு வரையிலான பழைய முறிவுகளையெல்லாம் சேர்த்துக்கொண்டார்கள், வலி பத்துக்கு மூன்று இருந்தாலே எடுத்துக்கொண்டார்கள், இது தவறான ஆட்களிடம் செய்த சோதனை என்றார்கள். நியாயம்தான். அதனால் 2016-இல் சிட்னியில் வேப்பர் என்ற ஆய்வு, ஆறு வாரத்துக்குள்ளான முறிவு, வலி பத்துக்கு ஏழாவது இருக்க வேண்டும் என்று 120 பேரைப் பொறுக்கி எடுத்துச் செய்தது. அவர்களில் பெரும்பாலோருக்கு முறிந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, பாதிக்கு மேற்பட்டோர் வலி தாங்காமல் மருத்துவமனையிலேயே கிடந்தவர்கள். பதினான்காம் நாள் வலி நாலுக்குக் கீழே இறங்கியவர்கள் சிமெண்ட் பக்கம் நூற்றுக்கு 44, பாவனைப் பக்கம் 21. பலன் அதிகம் தெரிந்தது முதுகும் இடுப்பும் சேரும் பகுதியில், அதாவது உங்கள் அம்மாவின் எல்-1 போன்ற இடத்தில். சிமெண்ட் போடாத பக்கத்தில் இருவருக்கு எலும்பு மேலும் இடிந்து தண்டுவடத்தை அழுத்தியது என்பதையும் அந்த ஆய்வு பதிவு செய்திருக்கிறது. சரி, தீர்ந்தது என்று பார்த்தால் 2018-இல் வெர்டோஸ்-4 வந்தது. 180 பேர், ஒன்பது வாரம் வரையிலான முறிவு, வலி பத்துக்கு ஐந்தாவது இருக்க வேண்டும், பாவனைச் சிகிச்சையோடு ஒப்பீடு. மறுபடியும் வித்தியாசம் இல்லை. எல்லாவற்றையும் சேர்த்து அலசிய, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பு, எல்லோருக்கும் வழக்கமாகச் செய்வதற்கு ஆதாரம் இல்லை என்று சொன்னது. சிகிச்சைகளுக்கு வழிகாட்டுதல் வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2013-லேயே நடுவழி ஒன்றைச் சொல்லியிருந்தது: அண்மையில் முறிந்து இன்னும் கூடாத எலும்பு, முறையான வலி மருந்துக்குப் பிறகும் கடுமையாக நீடிக்கும் வலி, அந்த வலி அதே எலும்பிலிருந்துதான் என்று கைப்பரிசோதனையும் படமும் உறுதி செய்திருக்க வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் போடலாம்.

என் கருத்தைச் சொல்கிறேன், இது ஆதாரத்தோடு அனுபவமும் கலந்த கருத்து என்ற எச்சரிக்கையோடு. இந்த ஆய்வுகள் ஒன்றோடொன்று முரண்படுவதாக நான் நினைக்கவில்லை. வெவ்வேறு ஆட்களைத் தேர்ந்தெடுத்தார்கள், வெவ்வேறு விடை வந்தது. வீட்டில் நடமாடிக்கொண்டு, வாரத்துக்கு வாரம் வலி குறைந்துகொண்டு வருகிறவருக்குச் சிமெண்ட் போட்டால், அந்த வலி எப்படியும் போகத்தான் போகிறது; பெயர் மட்டும் எனக்குக் கிடைக்கும். வலியால் கட்டிலோடு கிடந்து, மார்பில் சளி கட்டி, மலச்சிக்கல் வந்து, கால் தசை வற்றிக்கொண்டிருக்கும் 80 வயதுக்காரருக்கு ஆறு வாரம் காத்திருங்கள் என்று சொல்வதும் சிகிச்சை ஆகாது. படுக்கை அந்த வயதில் வேகமாக ஆளைக் கீழே இறக்கும். அப்படிப்பட்டவருக்கு நான் இரண்டு வாரத்திலேயே போடுவதுண்டு. இடைப்பட்டவர்களிடம் இரண்டிலிருந்து நான்கு வாரம் மருந்தை ஒழுங்காகக் கொடுத்துப் பார்ப்பேன். வலி இறங்குமுகமாக இருந்தால் ஊசி வேண்டாம். அப்படியே நின்றுவிட்டாலோ ஏறினாலோ மறுபடி படம் எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு.

மறுபடி படம் எடுக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சில எலும்புகள் கூடுவதே இல்லை. உள்ளே இரத்த ஓட்டம் செத்து, நடுவில் ஒரு வெற்றிடம் விழுந்து, நின்றால் அமுங்கியும் படுத்தால் விரிந்தும் ஆடிக்கொண்டிருக்கும். 1890-களில் ஜெர்மானிய அறுவை மருத்துவர் கும்மெல் விவரித்ததால் கும்மெல் நோய் என்று பெயர். சி.டி.யில் எலும்புக்குள் கறுப்பாகக் காற்றுக் கோடு தெரியும், அல்லது எம்.ஆர்.ஐ.யில் நீர் நிரம்பிய பிளவு. மூன்று நான்கு மாதம் ஆகியும் எழுந்து நிற்கும்போதெல்லாம் வலிக்கிறது என்பவர்களிடம் இதைத் தேடுவேன். இவர்களுக்குக் காலம் கடந்திருந்தாலும் சிமெண்ட் நன்றாக வேலை செய்கிறது என்பது என் அனுபவம். அந்தப் பிளவை நிரப்பினால் ஆட்டம் நின்றுவிடுகிறது.

இனி, யாருக்குப் போடவே கூடாது. நம் நாட்டில் நான் முதலில் பயப்படுவது காசநோய்க்கு. முதுகெலும்பில் டி.பி. வந்தாலும் எலும்பு நசுங்கும், வயதானவருக்கும் வரும், தொடக்கத்தில் வலி மட்டுமே இருக்கும். கிருமி குடியிருக்கும் எலும்பில் சிமெண்டைக் கொண்டுபோய் வைத்தால் பிறகு அதை வெளியே எடுக்கப் பெரிய அறுவை தேவைப்படும். எடை குறைந்திருக்கிறதா, மாலைக் காய்ச்சல் உண்டா, இராத்திரி படுத்திருக்கும்போதும் வலி தொடர்கிறதா என்று கேட்பதும், உடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரத்தச் சோதனைகளைப் பார்ப்பதும் இதற்காகத்தான். படத்தில் இரண்டு எலும்புகளுக்கு நடுவிலுள்ள தட்டும் பாதிக்கப்பட்டிருந்தாலோ, பக்கத்தில் சீழ்க்கட்டி தெரிந்தாலோ சாதாரண முறிவு இல்லை. தொடக்கத்தில் டி.பி. தட்டை விட்டுவைக்கவும் செய்யும், எனவே தட்டு நன்றாக இருக்கிறது என்பதை மட்டும் நம்பி உட்காரக் கூடாது. சிறுநீரில் கிருமி, காலில் ஆறாத புண் என்று வேறெங்கே தொற்று இருந்தாலும் அதைத் தீர்த்த பிறகுதான் ஊசி.

இரண்டாவது, புற்றுநோய். மல்டிபிள் மைலோமா என்ற இரத்தப் புற்று, வயதானவரின் சாதாரண எலும்பு முறிவு வேடத்தில் வந்து நிற்கும். இரத்தச் சோகை, கிரியேட்டினின் (சிறுநீரக வேலையைக் காட்டும் அளவு) ஏற்றம், கால்சியம் ஏற்றம், விளக்கம் இல்லாத உயர் ஈ.எஸ்.ஆர். இவற்றில் ஏதாவது இருந்தால் இரத்தப் புரதங்களைப் பிரித்துப் பார்க்கும் சீரம் புரோட்டீன் எலெக்ட்ரோஃபோரசிஸ் சோதனையைக் கேட்டு வாங்குங்கள், பெரிய செலவில்லை. எம்.ஆர்.ஐ.யில் எலும்பின் பின்சுவர் வெளியே பிதுங்கிக் கும்மென்று இருந்தாலோ, பின்பக்கத் தூண் போன்ற பகுதிகளிலும் கோளாறு தெரிந்தாலோ சந்தேகப்பட வேண்டும். புற்றால் நசுங்கியது என்பதற்காக ஊசி கூடாது என்பதில்லை, நேர்மாறாக. 2011-இல் வந்த ஒரு ஆய்வில் 134 புற்றுநோயாளிகளில் கைஃபோபிளாஸ்டி செய்துகொண்டவர்களின் வலியும் நடமாட்டமும் ஒரே மாதத்தில் தெளிவாகத் தேறின. ஆனால் அங்கே முதுகு நிலையாக இருக்கிறதா, கதிரியக்கம் தேவையா, மருந்து எது என்று புற்றுநோய் மருத்துவரோடு உட்கார்ந்து பேசித்தான் செய்ய வேண்டும். சந்தேகம் சிறிதாக இருந்தாலும் சிமெண்ட் விடும் அதே ஊசி வழியே ஒரு துணுக்கு எலும்பை எடுத்து பயாப்சிக்கு அனுப்பிவிடுவது நல்ல பழக்கம்.

மற்றவற்றை வேகமாகச் சொல்கிறேன். கால் பலம் குறைந்திருந்தாலோ, சிறுநீர் மலம் கட்டுப்பாடு போயிருந்தாலோ அது ஊசி விஷயமே இல்லை, அன்றே அறுவை மருத்துவரிடம் போக வேண்டிய விஷயம். எலும்பின் பின்சுவர் உடைந்து துண்டு தண்டுவடக் குழாய்க்குள் தள்ளியிருந்தால் சிமெண்ட் கசிந்தோ துண்டை மேலும் தள்ளியோ ஆபத்தாகலாம். கைதேர்ந்தவர்கள் சிலர் அதற்கும் போடுவார்கள், நான் தயங்குவேன். முதுகு முழுக்க மூங்கில் கழிபோல ஒட்டிப்போகும் ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைடிஸ் உள்ளவருக்கு எலும்பு முறிந்தால் அது நிலையற்ற முறிவு, திருகாணி வைத்துக் கட்ட வேண்டியிருக்கும். இளம் வயதில் விபத்தில் உடைந்த எலும்புக்கு இந்தச் சிமெண்ட் பொதுவாக வேண்டாம். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் அதை இதய மருத்துவரிடம் கேட்டு நிறுத்திய பிறகே வர வேண்டும். பிளேட்லெட் 50,000-க்குக் கீழே என்றால் நாங்கள் கை வைப்பதில்லை. அப்புறம் யாரும் கேட்காத ஒரு கேள்வி: அம்மாவால் முக்கால் மணி நேரம் குப்புறப் படுத்திருக்க முடியுமா? நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு இதிலேயே திட்டம் மாறிவிடும்.

அபாயம் எவ்வளவு என்று கேட்பீர்கள். சிமெண்ட் எலும்பை விட்டு வெளியே கசிவது மிகச் சாதாரணம், பிறகு சி.டி. எடுத்துத் தேடினால் பாதிப்பேரிடமாவது ஏதோ ஒரு துளி கசிந்திருக்கும். அதில் பெரும்பாலானவை எந்தத் தொந்தரவும் செய்வதில்லை. நரம்பையோ தண்டுவடத்தையோ அழுத்தும் அளவு கசிவதும், இரத்தக்குழாய் வழியே நுரையீரலுக்குப் போய் மூச்சுத் திணறல் தருவதும் அபூர்வம், ஆனால் நடக்கும். அதனால்தான் நான் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் கால் மில்லி, அரை மில்லியாகத் தள்ளுவேன். கறுப்பு நிழல் எலும்பின் பின்பக்கக் கால் பங்கை எட்டியதும், இன்னும் இடம் இருக்கிறதே என்று தோன்றினாலும், நிறுத்திவிடுவேன். எவ்வளவு அதிகம் நிரப்புகிறோமோ அவ்வளவு வலி குறையும் என்பதில்லை.

சிமெண்ட் போட்டால் பக்கத்து எலும்பு உடையும் என்று யாராவது உங்களைப் பயமுறுத்தியிருப்பார்கள். இது இன்னும் முழுமையாகத் தீராத வழக்கு. சிமெண்ட் எலும்புகளுக்கு நடுவிலுள்ள தட்டுக்குள் கசிந்தால் பக்கத்து எலும்புக்கு ஆபத்து கூடுகிறது என்பதை நம்பலாம். மற்றபடி, ஒழுங்கான ஒப்பீட்டு ஆய்வுகளில் போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஒருமுறை முதுகெலும்பு நசுங்கிய பெண்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு ஓராண்டுக்குள் அடுத்த எலும்பு நசுங்குகிறது, சிமெண்ட் என்ற பேச்சே இல்லாமல். பலூனா, வெறும் சிமெண்டா என்பதற்கு நான் அதிகம் மண்டையை உடைத்துக்கொள்வதில்லை. பலூனில் கசிவு கொஞ்சம் குறைவு, புது முறிவில் உயரம் கொஞ்சம் மீளலாம், வலி குறைவதில் பெரிய வேறுபாடு இல்லை, செலவு பல மடங்கு. கைக்காசு போட்டுச் செய்கிற குடும்பமானால் அதைச் சொல்லித்தான் கேட்பேன்.

பொறுத்திருப்பது என்று முடிவானால், அது சும்மா படுத்திருப்பது என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆறு வாரம் படுக்கை என்பது எலும்பை இன்னும் மெலிய வைக்கும். பாராசிட்டமாலை வலித்தால் மட்டும் என்றில்லாமல் நேரம் தவறாமல் கொடுப்பது, தேவைப்பட்டால் சில நாட்களுக்கு டிரமடால், அதோடு முதல் நாளிலிருந்தே மலமிளக்கி. முக்கி மலம் கழிப்பதே முதுகில் இடி மாதிரி விழும். டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகளைச் சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கடையில் தானாக வாங்கித் தின்னக் கூடாது. கால்சிடோனின் மருந்து முதல் நான்கு வாரத்துக்கு வலியைக் கொஞ்சம் தணிக்கும். டெய்லர் பிரேஸ் போன்ற பெல்ட், உட்காரும்போதும் நடக்கும்போதும் மட்டும் சில வாரம். எலும்பு கூடுவதை அது வேகப்படுத்தும் என்பதற்குப் பலமான ஆதாரம் இல்லை, நடமாட ஒரு தைரியம் தருகிறது. மேற்கத்திய கழிப்பறை, பக்கவாட்டில் புரண்டு எழுவது, குனிந்து வாளி தூக்காமை. ஒரு நாளைக்கு நாலு முறையாவது எழுந்து நடக்கவேண்டும். இப்படிப் பொறுத்திருக்கும் நாட்களில் வலி பத்துக்கு எத்தனை, எத்தனை அடி நடந்தார், இராத்திரி தூங்கினாரா என்று ஒரு தாளில் தினமும் எழுதிவையுங்கள். ஊசி போடலாமா என்று முடிவெடுக்க ஸ்கேனைவிட அந்தத் தாள் எனக்கு அதிகம் உதவும்.

இரண்டு மருத்துவர்களில் எவருமே எலும்பு மெலிவுக்கு மருந்து பற்றிப் பேசியதாக நீங்கள் எழுதவில்லை. சிமெண்ட் போட்டாலும் போடாவிட்டாலும் இது தேவை. வைட்டமின் டி, கால்சியம், கிரியேட்டினின், தைராய்டு பாருங்கள், முடிந்தால் எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்சா ஸ்கேன். ஆஸ்துமாவுக்கோ மூட்டு வலிக்கோ, பெயர் தெரியாத நாட்டு மருந்துப் பொடியிலோ ஸ்டீராய்டு பல வருடம் உள்ளே போயிருக்கிறதா என்று விசாரியுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை போடும் 5 மில்லிகிராம் ஜோலட்ரானிக் அமில ஊசி, பெரிய ஆய்வொன்றில் மூன்றாண்டில் புது முதுகெலும்பு முறிவுகளை நூற்றுக்கு எழுபது குறைத்தது; சிறுநீரகம் நன்றாக இருந்து, வைட்டமின் டி குறையைச் சரிசெய்த பிறகு போட வேண்டும். ஏற்கெனவே இரண்டு எலும்பு நசுங்கியவர் என்பதால் எலும்பை வளர்க்கும் தினசரி டெரிபாரடைட் ஊசியைப் பற்றியும் கேளுங்கள். அம்மா ஏற்கெனவே ஆறு மாதத்துக்கு ஒருமுறை எலும்பு மெலிவுக்கான டெனோசுமாப் ஊசி போட்டுக்கொண்டிருந்து அதை இடையில் நிறுத்தியிருந்தால், அதை மட்டும் எந்த மருத்துவரிடமும் மறக்காமல் சொல்லிவிடுங்கள். அந்த ஊசியை நிறுத்திய பின் ஒன்றன்பின் ஒன்றாகப் பல எலும்புகள் நசுங்குவதுண்டு, அந்த நேரத்தில் சிமெண்ட் போட்டால் அடுத்தடுத்து இன்னும் உடையக்கூடும் என்று எச்சரிக்கை இருக்கிறது. அவர்களுக்கு முதலில் மருந்து, பிறகுதான் சிமெண்ட் ஊசியைப் பற்றிய பேச்சு.